பெண்டாடோனிக் 110-ல் ஓடுகிறது, மேஜர் ஸ்கேல் 90-ல் நிற்கிறது: வேகம் கூட்ட என்ன வழி?

ஆறாவதுதந்தி:

வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டார், பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிக்கிறேன். கார்டுகளும் ரிதமும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. இப்போது ஸ்கேல் பயிற்சியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளை வைத்து எண்ணும் இடம்) ஏ மைனர் பெண்டாடோனிக், அதாவது ஐந்து சுர ஸ்கேல், வாசித்தால் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 110 பீட்டில், பீட்டுக்கு நான்கு நோட்டாக, சுத்தமாக வருகிறது. ஆனால் ஜி மேஜர் ஸ்கேலைத் தந்திக்கு மூன்று நோட் வடிவத்தில் எடுத்தால் 90-ஐத் தாண்ட முடியவில்லை. நான் வாசிக்கும் வடிவம் இது: ஆறாவது (மிகத் தடித்த) தந்தியில் 3-5-7 ஃப்ரெட்டுகள், ஐந்தாவதிலும் 3-5-7, நான்காவதிலும் மூன்றாவதிலும் 4-5-7, இரண்டாவதிலும் முதலிலும் 5-7-8. ஆல்டர்நேட் பிக்கிங்தான், டவுன்ஸ்ட்ரோக்கில் (கீழ்நோக்கிய அடி) தொடங்கி, அப்ஸ்ட்ரோக்கோடு (மேல்நோக்கிய அடி) மாற்றி மாற்றி.

60-ல் தொடங்கி, பிசிறு இல்லாமல் வந்தால் ஐந்து கூட்டுவேன். 85 வரை ஒரு தொந்தரவும் இல்லை. 90 வந்ததும் ஏதோ ஒரு தந்தியில் பிக் தட்டுகிறது, இரண்டு கையும் பிரிந்துபோகிறது, முன்கை இறுகிப்போகிறது. பல மாதங்களாக இதே இடம்தான். இடது கைச் சுண்டு விரல் பலவீனமாக இருப்பது காரணமா என்றும் சந்தேகமாக இருக்கிறது.

120-ல் வாசிக்க வேண்டும் என்பது ஆசை. இன்னும் பொறுமையாக இதையே தொடர வேண்டுமா, அல்லது பயிற்சி முறையையே மாற்ற வேண்டுமா?

மெதுவாகவாசி:

பொறுமை வேண்டும் நண்பரே. ஐந்து ஐந்தாகக் கூட்டாதீர்கள், இரண்டு இரண்டாகக் கூட்டுங்கள். 90-ல் தடுக்கினால் 70-க்கு இறங்கி நாலைந்து நாள் அங்கேயே இருங்கள். மெதுவாகத் தவறில்லாமல் வாசிப்பதுதான் கையில் பதியும். தவறோடு வேகமாக வாசித்தால் தவறுதான் பதியும். நான் இப்படித்தான் வந்தேன்.

கையும்காதும்:

ஆறாவதுதந்தி, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது. பெண்டாடோனிக் 110, மேஜர் 90. வலது கை ஒன்றுதான், பிக்கும் ஒன்றுதான். வலது கைக்கு வேகம் போதவில்லை என்றால் இரண்டுமே ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அப்படியானால் இந்த இரண்டு ஸ்கேலுக்கும் நடுவே எது மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இன்னும் எத்தனை மாதம் பொறுப்பது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

பெண்டாடோனிக்கில் தந்திக்கு இரண்டு நோட். டவுனில் தொடங்கினால் ஒவ்வொரு தந்தியிலும் டவுன், அப், அதோடு அடுத்த தந்தி. அதாவது தந்தி மாறுவது எப்போதும் அப்ஸ்ட்ரோக்குக்குப் பிறகுதான். மேஜர் ஸ்கேலில் தந்திக்கு மூன்று. ஆறாவது தந்தியில் டவுன், அப், டவுன். ஐந்தாவதில் அப், டவுன், அப். நான்காவதில் மறுபடி டவுன், அப், டவுன். இங்கே ஒரு முறை டவுன்ஸ்ட்ரோக்குக்குப் பிறகு தந்தி மாறுகிறது, அடுத்த முறை அப்ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மாறுகிறது.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எல்லாமே இதில்தான் இருக்கிறது. பிக் தந்திகளுக்கு இணையான தளத்தில் அப்படியே முன்னும் பின்னும் போவதில்லை. பெரும்பாலானோர் கையில் அது கொஞ்சம் சாய்வாகப் போய் வரும். ஒரு வகைச் சாய்வில் அப்ஸ்ட்ரோக் முடியும்போது பிக் தந்திகளுக்கு மேலே வெளியே வந்துவிடும், டவுன்ஸ்ட்ரோக் முடியும்போது இரண்டு தந்திகளுக்கு நடுவே புதைந்து நிற்கும். வேறு சிலருக்கு இது நேர் எதிர். வெளியே வந்த பிக் எந்தத் தந்திக்கும் போகலாம். புதைந்த பிக் அடுத்த தந்தியைத் தாண்ட வேண்டுமென்றால் முதலில் அதை வெளியே தூக்க வேண்டும்.

உங்கள் பெண்டாடோனிக் நன்றாக ஓடுவதால், உங்கள் பிக் அப்ஸ்ட்ரோக்கில் வெளியே வருகிற வகை என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் ஜி மேஜரில் ஆறாவது தந்தியின் ஏழாவது ஃப்ரெட்டை டவுனில் அடித்ததும் பிக் ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. அடுத்த நோட் ஐந்தாவது தந்தியில் அப்ஸ்ட்ரோக். அதற்கு பிக் ஐந்தாவது தந்தியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். அந்தத் தாண்டல்தான் பிக் தட்டும் இடம்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. அதே ஏ மைனர் பெண்டாடோனிக்கை அப்ஸ்ட்ரோக்கில் தொடங்கி வாசியுங்கள். விரல் மாறவில்லை, நோட் மாறவில்லை. தந்தி மாறுவது மட்டும் டவுன்ஸ்ட்ரோக்குக்குப் பிறகு என்று ஆகிவிடும். அது 110-ல் குலைந்தால் சந்தேகமே வேண்டாம், சிக்கல் இங்கேதான்.

குலையவில்லை என்றால் இடது கையைப் பார்க்க வேண்டும். பிக்கைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு தந்தியிலும் ஹாம்மர்-ஆன் (இடது கை விரலைத் தந்தியில் தட்டி ஒலிக்க வைப்பது) மட்டும் வைத்து ஜி மேஜரை மேலே ஏற்றுங்கள். விரல்கள் தனியாக 100-ல் ஓடினால் இடது கை குற்றவாளி இல்லை. அதே போல ஒரே திறந்த தந்தியில் இடது கை இல்லாமல் பிக்கை மட்டும் ஓட்டி, எந்த வேகம் வரை தளராமல் போகிறது என்று பாருங்கள். பலருக்கு அது 130, 140 என்று சாதாரணமாகப் போகும். இரண்டு கையும் தனித்தனியாக நன்றாக இருந்து, ஒரே தந்தியில் சேர்த்தாலும் நன்றாக இருந்து, தந்தி மாறும்போது மட்டும் உடைகிறது என்றால், பயிற்சி நேரம் முழுவதும் தந்தி மாறும் அந்த இரண்டு நோட்டுக்கே போக வேண்டும். முழு ஸ்கேலையும் ஏறி இறங்கினால் பதினெட்டு நோட்டில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி வாசிப்பதுதான்.

மெதுவாகவாசி அவர்கள் சொன்னதில் ஒரு பாதியை முழுமனதாக ஏற்றுக்கொள்கிறேன். எந்த ஃப்ரெட், எந்த விரல், எந்த ஸ்ட்ரோக் என்பது மனதில் பதிய மெதுவான வாசிப்பு வேண்டும். பக்கத்துத் தந்தி தேவையில்லாமல் ஒலிக்கிறதா என்று கேட்கவும் வேண்டும். ஆனால் இந்தச் சிக்கலை மெதுவான வாசிப்பு காட்டிக்கொடுக்காது, மறைத்துவிடும். 60-ல் பீட்டுக்கு நான்கு என்றால் ஒரு நோட்டுக்குக் கால் வினாடி. புதைந்த பிக்கை நிறுத்தி, தூக்கி, தாண்டி வைக்க அது தாராளம். 90-ல் வினாடிக்கு ஆறு நோட், அந்த அவகாசம் போய்விடுகிறது. நடையை எவ்வளவு விரைவாக்கினாலும் அது ஓட்டமாக மாறாது இல்லையா, ஓடுவதற்குக் கால் வேறு விதமாக எழும்ப வேண்டும். வேகமான பிக்கிங்கும் அப்படி வேறு அசைவு. அதை வேகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்த பிறகு அதே அசைவை மெதுவாக்கிச் சீர்படுத்தலாம். வரிசை அதுதான்.

சரி, இப்போது மெட்ரோனோம். தந்திக்கு மூன்று நோட் உள்ள வடிவத்தைப் பீட்டுக்கு நான்கு என்று எண்ணுகிறீர்கள். அதனால் பீட் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது: முதல் பீட் ஆறாவது தந்தியின் முதல் நோட்டில், இரண்டாவது பீட் ஐந்தாவது தந்தியின் இரண்டாவது நோட்டில், மூன்றாவது பீட் நான்காவது தந்தியின் மூன்றாவது நோட்டில். இரண்டு கையும் ஒன்று சேர ஒரு பிடி கிடைப்பதில்லை. பீட்டுக்கு ஆறு நோட் என்று மாற்றுங்கள். அப்போது ஒரு பீட்டுக்கு இரண்டு தந்தி. பீட் எப்போதும் ஆறாவது, நான்காவது, இரண்டாவது தந்திகளின் முதல் நோட்டில், ஆள்காட்டி விரலில், டவுன்ஸ்ட்ரோக்கில் விழும். அந்த ஒரு நோட்டைக் கொஞ்சம் அழுத்தி அடியுங்கள். மற்ற ஐந்தும் அதற்குப் பின்னால் தானாக வரும்.

கணக்கு மாறுவதைக் கவனியுங்கள். 90-ல் நான்கு என்றால் நிமிடத்துக்கு 360 நோட். 60-ல் ஆறு என்றாலும் அதே 360. உங்கள் இலக்கான 120-ல் நான்கு என்பது 80-ல் ஆறு. ஆக நீங்கள் போக வேண்டிய தூரம் 60-லிருந்து 80 வரை. ‘90 சுவர்’ என்ற பயமும் கொஞ்சம் போகும்.

இப்போது பயிற்சி. முழு ஸ்கேலை வைத்துவிடுங்கள். ஆறாவது தந்தியில் 3-5-7, ஐந்தாவதில் 3-5-7, அப்புறம் நான்காவதின் 4-ல் வந்து நின்றுவிடுங்கள். மொத்தம் ஏழு நோட். ஏழாவது நோட் அடுத்த பீட்டில் விழ வேண்டும். அங்கேயே நிறுத்தி இரண்டு மூன்று பீட் சும்மா இருங்கள், கை முழுவதும் தளரட்டும். மறுபடி ஏழு நோட். மெட்ரோனோமை நேராக 75-ல் வையுங்கள். ஆமாம், இப்போது முடியாத வேகம்தான். பிசிறு வரும், வரட்டும். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பத்தில் ஒன்றிரண்டு தடவை எப்படியோ வழுக்கிக்கொண்டு போகும். அந்தத் தடவை கை என்ன செய்தது? மணிக்கட்டு திரும்பியதா, முன்கை லேசாக உருண்டதா, பிக் ஆழம் குறைந்ததா? கைபேசியில் ஸ்லோ மோஷனில் வலது கையைப் படம் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியைவிட அது நன்றாகக் காட்டும். அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டு 60-க்கு இறங்கி, அதே அசைவில் சுத்தமாக்குங்கள். பிறகு மறுபடி மேலே.

தந்தி மாறும் இடத்தைத் தனியாக எடுக்க இன்னும் சிறிய துண்டு ஒன்று உண்டு. ஆறாவது தந்தியில் 5, 7. ஐந்தாவதில் 3, 5. அப், டவுன், அப், டவுன் என்று விடாமல் சுற்றுங்கள். போகும்போதும் திரும்பும்போதும் டவுன்ஸ்ட்ரோக்குக்குப் பிறகுதான் தந்தி மாறும். உங்களுக்கு வராத அசைவு மட்டும் திரும்பத் திரும்ப வரும் துண்டு இது. இது 100-ல் ஓட ஆரம்பித்தால் ஸ்கேல் தானாகத் திறக்கும்.

இந்த அசைவு வரும் வரை இசையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தந்தியின் முதல் இரண்டு நோட்டை டவுன், அப் என்று அடித்து, மூன்றாவதை ஹாம்மர்-ஆனில் எடுங்கள். இறங்கும்போது டவுன், அப், புல்-ஆஃப் (அழுத்திய விரலால் தந்தியை இழுத்துவிட்டு ஒலிக்க வைப்பது). எப்போதும் அப்ஸ்ட்ரோக்குக்குப் பிறகே தந்தி மாறும், உங்கள் பெண்டாடோனிக்கில் உள்ள அதே பழக்கம். இன்றைக்கே 100-ஐத் தொடலாம். இதைக் குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் தன் ஓட்டங்களின் பெரும்பகுதியை இடது கையாலேயே ஒலிக்க வைத்தவர். எல்லா நோட்டையும் பிக்கால் அடித்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

எகானமி பிக்கிங் இன்னொரு வழி. ஆறாவது தந்தியில் டவுன், அப், டவுன். கடைசி டவுன் நிற்காமல் அப்படியே ஐந்தாவது தந்தியில் விழுந்து அங்கேயும் டவுன், அப், டவுன். கிட்டார் கலைஞர் ஃபிராங்க் கம்பாலே இதை ஒரு முழு முறையாகவே வளர்த்தவர். அழகான ஓட்டம் கிடைக்கும். ஆனால் தந்தி மாறும் இடத்தில் இரண்டு டவுன் ஒட்டிக்கொண்டு விரைந்துவிடும், காலப்பிரமாணம் ஆடும். உங்கள் நிலையில் ஆல்டர்நேட்டையும் இதையும் ஒரே நேரத்தில் பழக வேண்டாம் என்பேன். கை இரண்டு கட்டளைக்கு நடுவே குழம்பும்.

நைலான்தந்தி:

நான் பிக் பயன்படுத்துவதில்லை, கிளாசிக்கல் கிட்டார், விரல்தான். ஆனாலும் மேலே சொன்னது அப்படியே எனக்கும் பொருந்துகிறது. ஆள்காட்டி, நடுவிரல் என்று மாற்றி மாற்றி வாசிக்கும்போது, தந்திக்கு மூன்று நோட் வந்தால் ஒரு தந்தி ஆள்காட்டியில் தொடங்கும், அடுத்தது நடுவிரலில் தொடங்கும். ஒரு மாற்றம் கைக்கு இயல்பாக இருக்கும், அடுத்த மாற்றத்தில் விரல்கள் குறுக்கே போக வேண்டியிருக்கும். அதனாலேயே தந்திக்கு மூன்று நோட் உள்ள ஓட்டங்களுக்குச் சிலர் மோதிர விரலையும் சேர்த்து, மோதிரம், நடு, ஆள்காட்டி என்று மூன்று விரலால் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு தந்தியும் ஒரே விரலில் தொடங்கும்.

சுண்டு விரல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதே வடிவத்தை மூன்றாவது ஃப்ரெட்டில் வைக்காமல் எட்டாவது ஃப்ரெட்டில் தொடங்குங்கள், சி மேஜர் ஆகிவிடும். மேலே போகப் போக ஃப்ரெட்டுகளின் இடைவெளி குறையும், பன்னிரண்டு ஃப்ரெட் ஏறினால் சரிபாதி ஆகிவிடும். ஐந்து ஃப்ரெட் ஏறினாலே விரல் விரிக்க வேண்டிய அகலம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். அங்கே சுண்டு விரல் தொந்தரவு இல்லாமல் ஓடினால், அது பலவீனம் இல்லை, விரிப்புதான் காரணம். அங்கே பழகிக்கொண்டு ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்குங்கள்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-ல் நடந்த தீ விபத்தில் இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கப்பட்டு, அதற்குப் பிறகு சோலோக்களைப் பெரும்பாலும் இரண்டே விரலால் வாசித்தார். அவர் வேகத்தைக் கேட்ட பிறகு என் சுண்டு விரலைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மெதுவாகவாசி:

கையும்காதும் சொன்ன துண்டுப் பயிற்சியை வாசித்துப் பார்த்தேன், ஏழு நோட்டில் நிற்பது உண்மையிலேயே உதவுகிறது. மெதுவாக வாசிக்கச் சொன்னதை நான் விடப்போவதில்லை, ஆனால் எதற்காக மெதுவாக என்பது இப்போது தெளிவாக இருக்கிறது.

முன்கை இறுகுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைச் சாதாரணமாக விடாதீர்கள். ஒரு நோட்டைத் தொட்டு மட்டும் வைத்து பிக்கால் அடியுங்கள், மந்தமாக ஒலிக்கும். அடித்துக்கொண்டே விரலை மெல்ல அழுத்துங்கள். முதலில் கரகரக்கும், பிறகு ஒரு இடத்தில் சட்டெனத் தெளிவாகும். அந்த அழுத்தம் போதும், அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் வீண். விரல் ஃப்ரெட் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் அது இன்னும் குறையும். வேகம் கூட்டும்போது பலரும் தங்களை அறியாமல் இரண்டு மூன்று மடங்கு அழுத்துகிறார்கள். கட்டை விரல் கழுத்தின் பின்னால் பிடித்து நசுக்குவதும் அதனால்தான். இடையிடையே கட்டை விரலை எடுத்துவிட்டு அதே ஸ்கேலை வாசித்துப் பாருங்கள், எவ்வளவு நசுக்கிக்கொண்டிருந்தோம் என்பது புரியும்.

வலது கையில் பிக்கின் நுனி மட்டும் தந்தியில் படட்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போக வேண்டாம். மெல்லிய பிக் வளைந்து திரும்பி வர நேரமெடுக்கும், ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிப்பு இருந்தால் கைக்கும் ஒலிக்கும் நடுவே தாமதம் இருக்காது. பிக்கின் விளிம்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் தந்தி அதைத் தடுக்காமல் வழிவிடும்.

இறுக்கம் என்பது வேறு, வலி என்பது வேறு. மரத்துப்போவதோ, சுண்டு விரலிலோ கட்டை விரல் பக்கமோ ஊசி குத்துவது போல இருப்பதோ வந்தால் அன்றைக்கு கிட்டாரைத் தொடாதீர்கள். தொடர்ந்து வந்தால் மருத்துவரைப் பாருங்கள். வேகம் எங்கும் போய்விடாது.

ஆறாவதுதந்தி:

எல்லோருக்கும் நன்றி. பெண்டாடோனிக்கை அப்ஸ்ட்ரோக்கில் தொடங்கிப் பார்த்தேன். 110 எல்லாம் இல்லை, 85-லேயே சிதறிவிட்டது! அதே நோட்டுகள், அதே விரல்கள். இவ்வளவு நாள் இடது கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹாம்மர்-ஆன் வைத்தால் 66-ல் ஆறு நோட் வந்துவிட்டது, ஏறுவது மட்டும். 5, 7, 3, 5 துண்டு இன்னும் கரடுமுரடாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்கையை லேசாக உருட்டினால் வழுக்குகிற உணர்வு அவ்வப்போது கிடைக்கிறது. ஸ்லோ மோஷனில் பார்த்தபோது, அது கிடைக்கும் தடவைகளில் டவுன்ஸ்ட்ரோக் முடியும்போது பிக் வெளியே வருவது கண்ணுக்கே தெரிகிறது.

இரண்டு சந்தேகம். முழு ஸ்கேலையும் ஏறிவிட்டு முதல் தந்தியில் திரும்பும் இடத்தில் பீட் தொலைந்துபோகிறது, ஏன்? இன்னொன்று, மூன்றாவது தந்தியிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது எப்போதும் ஒரு தயக்கம். பிக் காரணமா, விரல் காரணமா?

கையும்காதும்:

85-லேயே சிதறியதா, மிகவும் நல்லது. எங்கே உழைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. முன்கை உருளும் அந்த உணர்வுதான் நீங்கள் தேடுவது, அதை விடாதீர்கள்.

திரும்பும் இடம்: ஏறும்போது பதினெட்டு நோட், பீட்டுக்கு ஆறு என்றால் சரியாக மூன்று பீட். முதல் தந்தியின் எட்டாவது ஃப்ரெட், அதாவது சி, பதினெட்டாவது நோட். அங்கிருந்து உடனே திரும்பினால் நான்காவது பீட் ஏழாவது ஃப்ரெட்டில், பி-யில் விழும். அந்தத் தந்தியில் மீதி இரண்டே நோட், அதோடு தந்தி மாறிவிடும். ஏறும்போது மூன்று மூன்றாக இருந்த கூட்டம் இரண்டு, மூன்று, ஒன்று என்று உடைகிறது. கை பழகிய இடத்தில் பீட் இல்லை, அதனால் தொலைகிறது.

பயிற்சிக்கு ஒரு எளிய வழி: உச்சியில் சி-யை இரண்டு முறை அடியுங்கள். ஏறும்போது அது அப்ஸ்ட்ரோக், திரும்பும்போது பீட்டில் டவுன்ஸ்ட்ரோக். ஏற மூன்று பீட், இறங்க மூன்று பீட், மொத்தம் முப்பத்தாறு நோட். அடியில் ஜி-யையும் அப்படியே இரண்டு முறை அடித்தால் நிற்காமல் சுற்றலாம். இது நிலைத்த பிறகு சி-யை ஒரு முறை மட்டும் அடித்துத் திரும்புங்கள். அப்போது பீட் ஒவ்வொரு சுற்றிலும் வேறு விரலில் விழும். அதைத் தாங்கக் கை பழகினால் எந்த ஓட்டத்தையும் எந்த இடத்திலும் தொடங்கவோ முடிக்கவோ முடியும். ஆனால் அது இரண்டாம் கட்டம்.

மூன்றாவது, இரண்டாவது தந்திக்கு நடுவே உள்ள தயக்கம் பெரும்பாலும் விரல்தான். கிட்டாரில் மற்ற எல்லாப் பக்கத்துத் தந்திகளுக்கும் நடுவே ஐந்து ஃப்ரெட் இடைவெளி, இந்த இரண்டுக்கு மட்டும் நான்கு. அதனால் வடிவம் இங்கே ஒரு ஃப்ரெட் மேலே நகர்கிறது: 4-5-7 போய் 5-7-8. விரலமைப்பும் மாறுகிறது. 4-5-7-ஐ ஆள்காட்டி, நடு, சுண்டு என்று எடுப்பீர்கள். 5-7-8-க்கு ஆள்காட்டி, மோதிரம், சுண்டு. கை நகர்வதும் நடுவிரலுக்குப் பதில் மோதிர விரல் இறங்குவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். பிக் இல்லாமல், மூன்றாவது தந்தியில் 5, 7, இரண்டாவதில் 5, 7 என்ற நான்கு நோட்டை மட்டும் இடது கையால் தட்டிப் பாருங்கள். அங்கேயும் தயங்கினால் விரல்தான். சுண்டு விரல் ஏழில் இருக்கும்போதே ஆள்காட்டி இரண்டாவது தந்தியின் ஐந்துக்கு மேலே போய்க் காத்திருக்க வேண்டும், சுண்டு விரல் எடுபட்ட பிறகு கிளம்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. ஸ்கேலை இப்படியே அடியிலிருந்து உச்சிக்கு ஓட்டிக்கொண்டிருந்தால் சோலோ வாசிக்கும்போதும் கை அதைத்தான் செய்யும். அதே ஜி மேஜரை நான்கு நான்காக வாசியுங்கள்: முதலிலிருந்து நான்கு, இரண்டிலிருந்து நான்கு, மூன்றிலிருந்து நான்கு. ஒன்று விட்டு ஒன்றாகவும் வாசியுங்கள்: ஜி-பி, ஏ-சி, பி-டி என்று. இவற்றில் தந்தி மாறும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் நீங்கள் கற்கும் அசைவு ஒரு வடிவத்தோடு ஒட்டிக்கொள்ளாது. வாசிக்கும்போது வாய்விட்டுப் பாடுங்கள். குரலால் தொடர முடியாத வேகத்திலும் ஒவ்வொரு பீட்டில் விழும் நோட்டையாவது பாடுங்கள். பாட முடிந்த நோட்டை விரல் தொலைப்பதில்லை, இதை மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பயிற்சியைக் கலந்து செய்யுங்கள். தந்தித் துண்டு கொஞ்சம், ஹாம்மர்-ஆன் ஓட்டம் கொஞ்சம், நான்கு நான்காகக் கொஞ்சம், மறுபடி தந்தித் துண்டு. ஒன்றையே நீளமாகச் செய்தால் அந்த நேரத்தில் நன்றாக வருவது போல இருக்கும், மறுநாள் பாதி காணாமல் போயிருக்கும். கலந்து செய்தால் அன்றைக்குக் கரடுமுரடாக இருக்கும், ஆனால் மறுநாள் கையில் இருக்கும். தூங்கி எழுந்த பிறகு, முந்தின நாள் வராதது திடீரென வருவதையும் கவனிப்பீர்கள்.

ஆறாவதுதந்தி:

இரண்டாவது தந்தியில் ஆள்காட்டி விரல் தாமதமாகத்தான் கிளம்புகிறது, பிக் இல்லாமல் தட்டியதும் தெரிந்துவிட்டது. உச்சியில் சி-யை இரண்டு முறை அடித்தால் 62-ல் முழுச் சுற்றும் நிற்கிறது, ஹாம்மர்-ஆன் இல்லாமல்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி: இறங்கும்போதும் முன்கை அதே பக்கம்தான் உருள வேண்டுமா?

கையும்காதும்:

அதே அசைவுதான். எந்த ஸ்ட்ரோக்குக்குப் பிறகு தந்தி மாறுகிறது என்பதை மட்டும் பாருங்கள், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது பொருட்டில்லை. டவுனுக்குப் பிறகு மாறினால் பிக் டவுனில் வெளியே வர வேண்டும், அப்புக்குப் பிறகு மாறினால் அப்பில் வெளியே வர வேண்டும். சி-யை இரண்டு முறை அடித்து இறங்கும்போது முதல் தந்தியில் டவுன், அப், டவுன் வரும், ஆக அங்கிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது டவுனில் வெளியே. அடுத்ததில் அப்பில் வெளியே. முதல் இரண்டு தந்தியில் 8-7-5, 8-7-5, மூன்றாவதின் 7-ல் நிறுத்தம். இந்த ஏழு நோட்டை 70-ல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.